பதினாறாவது சுற்று

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்," என்று தலைவர் காகிதத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார், "நமது தோட்ட ரயில் சங்கத்தின் பத்தொன்பது ஆண்டு வரலாற்றில் எவராலும் எட்டப்படாத, இனி எவராலும் எட்டப்படுமா என்பதும் ஐயத்துக்குரிய ஒரு மாபெரும் சாதனை, கடந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நிகழ்த்தப்பட்டிருக்கிறது. ஒரே தடவை நிரப்பிய தண்ணீர். ஒரே தடவை நிரப்பிய கேஸ். முப்பத்து நாலு சுற்று!"

கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் தட்டலாமா என்று கையைத் தூக்கினார். பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கையால் மூக்கைச் சொறிந்துகொண்டார். சாதனை படைத்தவர் தலைவரின் வலது கைப்பக்கம், பெட்டிக்குள், கண்ணை மூடிப் படுத்திருந்தார். தன்னைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல ஆரம்பித்தால் பாத்ரூம் பக்கம் நழுவிவிடுகிற மனுஷர். இன்றைக்கு வேறு வழியில்லாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். மேல் இரண்டு பொத்தானை எப்போதும் திறந்துவிட்டுத் திரிந்தவர் அவர். இன்று திறந்திருந்தால் மார்பின் நடுவில் நீலமாகக் கன்றியிருப்பதன் மேல் விளிம்பு தெரியும். அது அவளுடைய உள்ளங்கை பட்ட இடம். பொத்தான் துளைக்குள் போகாமல் மூன்று தடவை வழுக்கியது. தலைவர் அதற்குள் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தார்.

தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். முப்பது வருடம் வாயைத் திறந்து வைத்திருந்தவர்களிடம் மட்டுமே பேசிப் பழகியதால், எதிரில் இருப்பவர்களும் பதில் பேசக்கூடியவர்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், பதிவாளர் என்று ஆறு பதவிகள். ஏழாவது ஆளான அப்பா மட்டும் சாதாரண உறுப்பினர். கை தூக்கவும் வழிமொழியவும் ஒரு ஆள் தேவைப்பட்டதால் அவரை அப்படியே வைத்திருந்தார்கள். இனி அந்தச் சங்கத்தில் நிர்வாகிகள் மட்டும்தான் மிச்சம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கூடி, முழங்கை நீளத்துக்கு இருக்கிற நிஜ நீராவி என்ஜின்களை ஓட்டுவதுதான் சங்கத்தின் வேலை. பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும். பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. என்ஜின் வயிற்றில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கொதிகலன். சிரிஞ்சால் அதற்குத் தண்ணீர் ஏற்றி, அடியில் கேஸைப் பற்றவைத்தால் ஏழெட்டு நிமிஷத்தில் அழுத்தம் காட்டுகிற முள் ஏறும். உஸ்ஸென்று மிச்ச நீராவியை வெளியே விடும். கைப்பிடியை நூலளவு திறந்தால் கிளம்பிவிடும். அப்புறம் கேஸ் தீர்ந்தால்தான் நிற்கும். சாதாரணமாக இருபது சுற்று, இருபத்தைந்து சுற்று. தலைவரின் சாதனை இருபத்தொன்பது. பதினொரு வருடமாக அந்த எண் அசையாமல் நின்றது. தலைவரும் அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். "முப்பத்தாறு வருஷம் மேலயும் கீழயும் போறதையே பாத்தாச்சு, இனிமேலாவது சுத்தி வர்றதப் பாக்கலாம்" என்று சொல்லித்தான் இதற்குள் இறங்கினார். இந்த ஒரு வருடமாக அவருக்கு இருபத்தொன்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. பாட்டில் கார்க்குகளை வெற்றிலைக் கனத்துக்கு அறுத்துக் கொதிகலனைச் சுற்றி ஒட்டினார், சூடு வெளியே போகக்கூடாது என்று. கேஸ் வருகிற பித்தளை ஜெட்டைத் தானே கடைந்து, துளை பெரிதாகப் போய், தூக்கிப்போட்டு, மறுபடி கடைந்தார். பன்னிரண்டாவது ஜெட் சரியாக வந்தது. "இந்த மனுஷன் எனக்கு ஜுரம் வந்தப்பகூட இப்படிப் போத்திவிட்டதில்ல" என்றாள் அம்மா, கார்க் சுற்றிய என்ஜினைப் பார்த்து.

சாதனை முயற்சி என்று அறிவித்துவிட்டால் அதற்குத் தனிச் சட்டம். யாரும் தண்டவாளத்துக்கு ஐந்தடிக்குள் வரக்கூடாது. ஓட்டுநரிடம் பேசக்கூடாது, பேசினால் உதவி செய்ததாக ஆகிவிடும், முயற்சி செல்லாது. ஓட்டுநரும் சும்மா இருக்க முடியாது. என்ஜின் தன்னைக் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும், நான் விழிப்பாக இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக. பதிவாளர் அதைப் பார்த்து நோட்டில் டிக் போடுவார். தொடர்ந்து இரண்டு சுற்று விரல் எழாவிட்டால் 'செல்லாது' என்று உரக்கச் சொல்ல வேண்டும். இணைச் செயலாளர் ஒரு தடவை நாற்காலியில் குறட்டை விட்டபடியே இருபத்தேழு சுற்று ஓட்டி முடித்ததிலிருந்து இந்த விதி அமலில் இருக்கிறது.

அப்பா நாற்காலியில் உட்காருகிறவர் இல்லை. தோட்டத்தில் தண்டவாளம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், செங்கல் மேல் ஓடும். அவர் புல்லில் குப்புறப் படுத்து, இடது கன்னத்தைத் தரையில் வைத்து, என்ஜின் தன் கண்ணுக்கு நேராக வருவதைப் பார்ப்பார். "கீழ படுத்துப் பாத்தாத்தான் அது ரயிலு. நின்னு பாத்தா சாமான்" என்பார். இப்படிப் படுத்துப் படுத்து அவர் சட்டைகளில் எல்லாம் முன்பக்கம் பச்சைக் கறை. அம்மா அதற்கென்று தனி சோப்பு வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டுத் தோட்டத்திலும் அப்படித்தான் படுத்தார். பதினோரு மணிக்குச் சற்றுமுன் என்ஜின் கிளம்பியது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்லில் நீளமாக அப்பாவும், அவரைச் சுற்றி ஐந்தடிக்கு அப்பால் தொப்பி போட்ட ஆறு பேரும் தெரிந்தார்கள். என்ஜின் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம், அதற்கும் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தது.

"காபி ஆறுது, கொண்டு போய்க் குடு" என்றாள் அம்மா.

மகள் ஏழு கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு தோட்டத்துப் படி இறங்கினாள். "அப்பா, காபி" என்றாள்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்" என்றார்கள். தலைவர் கூடுதலாக உள்ளங்கையை விரித்துப் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நிறுத்தினார்.

அப்பா திரும்பவில்லை. திரும்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். வண்டி ஓடும்போது வீடு பற்றி எரிந்தாலும் திரும்பமாட்டார்.

தட்டோடு திரும்பி வந்தவளைப் பார்த்து அம்மா, "என்ன, யாருக்கும் வேணாமாமா?" என்றாள்.

"ஷ்ஷ்னு துரத்திட்டாங்கம்மா. ரெக்கார்டாம்."

"அங்க என்ன ஆபரேஷனா நடக்குது?"

"ஆபரேஷன் தியேட்டர்லகூட எங்களை இப்படி மிரட்டமாட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா சிரித்ததில் புரையேறி, மகள் அவள் தலையில் தட்டினாள். தட்டிலிருந்து ஆளுக்கொரு கோப்பையை எடுத்துக்கொண்டு, சமையல் மேடையில் சாய்ந்தபடி, பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டார்கள். நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே ரயில் போய்வந்துகொண்டிருந்தது.

மகள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். பதினாறு வருட அனுபவம்.

முப்பத்து நாலாவது சுற்று முடிந்து, அடுத்த சுற்றில் பாதி தூரம் போய், என்ஜின் மெல்ல நின்றது. கைதட்டல் கேட்டது. தலைவர் தன் சாதனை போனாலும் தன் பெருந்தன்மை போகவில்லை என்பதை எல்லோரும் பார்க்கும்படியாகப் புல்லைக் கடந்து நடந்துபோய், கீழே கிடந்தவரை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் போல, கொஞ்சம் அவகாசம் கொடுப்போம் என்று செயலாளர் சொன்னார். கொடுத்தார்கள்.

கைதட்டல் கேட்டு வெளியே வந்த மகள் படியில் நின்றபடியே, அப்பாவின் காது இருந்த நிறத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிஷம், ஆம்புலன்ஸ் வரும்வரை, அவள் அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது நிமிஷத்தில் விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அம்மா காபிக் கோப்பையோடு படியில் நின்று அதைப் பார்த்தாள். வெயிலில் கிடந்த கன்னம் சூடாகவே இருந்ததால், உயிர் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கையால் தொட்டுச் சொல்ல வழியில்லை. வந்த டாக்டர் தான் வந்து சேர்ந்த நேரத்தையே இறந்த நேரமாக எழுதிக் கொடுத்தார். அதுதான் நடைமுறை. அதற்கு நடுவில் சங்கத்தைச் சேர்ந்த யாரோ ஒரு நல்ல மனுஷர், தூசி படக்கூடாதென்று, சூடான என்ஜினின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தினார்.

தலைவர் படித்து முடித்தார். காகிதத்தை நாலாக மடித்து, பெட்டிக்குள் வைப்பதா தன் பைக்குள் வைப்பதா என்று யோசித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். பெட்டியை மூட இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நிர்வாகிகள் வராந்தாவுக்குப் போய் வட்டமாக நின்றுகொண்டார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றாலே அவர்களுக்கு அது கூட்டம். ஆறு பேர் இருந்ததால் தீர்மானம் போடத் தேவையான கோரம் வேறு இருந்தது.

"நான் என்ன சொல்றேன்னா," என்றார் செயலாளர் தணிந்த குரலில், "அறிவிச்சது அறிவிச்சாச்சு. ஆனா விதி ஏழு ஒண்ணு இருக்கில்ல? ஓட்டம் முடியற வரைக்கும் ஓட்டுநர் தண்டவாளத்தை விட்டு அகலக்கூடாது."

"அவர் எங்கய்யா அகன்றாரு? அங்கயேதானே இருந்தாரு?" என்றார் பொருளாளர்.

"இருந்தாரு. ஆனா இருந்தாரா?"

"விரல் தூக்கியிருக்காரே. டிக் இருக்கே நோட்டுல."

"அதான் எனக்குப் புரியல. எப்படி முப்பத்து நாலுலயும்..."

"சார், பெட்டி இன்னும் மூடல. இப்ப இது தேவையா?"

"மூடறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துட்டா நல்லதுன்னுதான் சொல்றேன். அடுத்த வாரம் நான் ஊர்ல இல்ல."

பதிவாளர் மருந்துக்கடைக்காரர். அப்பாவின் முப்பது வருடத்துச் சிநேகிதர். எதையும் எழுதி வைக்கிற பழக்கத்தால் வீட்டில் எல்லோரும் அவரை ரிஜிஸ்டர் மாமா என்றே கூப்பிட்டார்கள். வராந்தாத் தூணில் சாய்ந்து, தன் வலது கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு விரல், டிக், நோட்டு என்று துண்டு துண்டாகக் கேட்டது. அவள் மகளைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அந்த நோட்டுல சுத்துவாரியா எழுதியிருக்கா?"

"ஆமாம்மா."

"நீ தட்டு எடுத்துட்டுப் போனியே. அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

"தெரியலம்மா."

"நீ நர்ஸுதானே?"

குரலில் கோபம் இல்லை. கடையில் ஏதோ சாமான் இருக்கிறதா என்று கேட்பது மாதிரி கேட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் நான்கு நாளில் அம்மா மகளிடம் பேசிய மொத்தப் பேச்சு: சாவி எங்க, கதவைச் சாத்து, எனக்குப் பசிக்கல.

மகள் லீவு போட்டு அம்மா வீட்டிலேயே தங்கியிருந்தாள். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டை வைக்கிற சத்தம், எடுக்கிற சத்தம். மகள் மனசுக்குள் ஒரே கணக்குதான் ஓடியது. நான் படியில் நின்றது எந்தச் சுற்று? விரல் நின்றது எந்தச் சுற்று? தட்டோடு நிற்கும்போது விரல் எழுந்திருந்தால், அவள் திரும்பிப் போன பிறகுதான் போயிருக்கிறார். பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்றிருக்கிறாள். அதற்கு ஒன்றிரண்டு சுற்று முன்னால் நின்றிருந்தால், தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருந்தால், இந்நேரம் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார். ரொம்ப முன்னாடியே என்றால் மட்டும்தான் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். பதில் ஒரு மருந்துக்கடையில், ஒரு நோட்டில் இருந்தது. போய்க் கேட்பதற்குத்தான் நான்கு நாளாகக் கால் வரவில்லை.

சனிக்கிழமை காலை தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. சங்கத்தின் முத்திரை குத்திய உறை. சாதனை அங்கீகரிக்கப்பட்டது. ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று, நடுநிலை ஒன்று. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடுவதென்றும், பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'ஓட்டத்தின்போது காலமானார்' என்று விளக்குவதென்றும் ஒருமனதாகத் தீர்மானம். நடுநிலை வகித்தவர் பதிவாளர் என்று எழுதியிருந்தது.

மகள் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நோட்டப் பாத்துட்டு வா" என்றாள்.

கடையில் கூட்டமில்லை. ரிஜிஸ்டர் மாமா அவளைப் பார்த்ததும் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"வா பாப்பா. அம்மா எப்படி இருக்காங்க?"

முப்பத்தெட்டு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

"இருக்காங்க மாமா. நோட்டு வேணும்."

"எந்த நோட்டு?"

அவர் கல்லாவுக்கு அடியில் குனிந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்ததை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. கவரைப் பிரிப்பதற்குத்தான் நேரமாயிற்று.

அழகான கையெழுத்து. மருந்துச் சீட்டுகளைப் படித்தே வெறுத்துப்போனவர்களுக்கு வருகிற அழகு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டம்: சுற்று, விரல், குறிப்பு. ஒன்று, டிக். இரண்டு, டிக். அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். ஏழாவதில் குறிப்பு: 'காற்று, லேசாக'. பதினொன்றில்: 'ஓட்டம் சீர். அருமை.' பதினாறில் டிக். பக்கத்தில்: 'வெளி இடையூறு. பெண், தட்டுடன். அமைதிப்படுத்தப்பட்டது.'

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் கீழே இறங்கினாள். பதினேழு, டிக். இருபது, டிக். இருபத்தொன்பதில் டிக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. முப்பது, டிக், ஆச்சரியக்குறி. முப்பத்து நாலு, டிக்.

"மாமா."

"ம்."

"கடைசி வரைக்கும் தூக்கினாரா?"

அவர் மேசை மேல் இருந்த இருமல் மிட்டாய் டப்பாவை நேராக்கி வைத்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"ஒரு தடவை தூக்கல, பாப்பா. சரி போகட்டும், இவருதானேன்னு டிக் போட்டுட்டேன். அடுத்த சுத்துலயும் தூக்கல. விதிப்படி நான் கத்தியிருக்கணும். ஒரு வருஷமா அந்த ஜெட்டோட மல்லுக்கட்டினாரு. தினம் சாயங்காலம் இங்க வந்து, நீ உக்காந்திருக்கியே அதே ஸ்டூல்ல உக்காந்து, துளையக் காட்டுவாரு. என்ஜின் அவ்வளவு அழகா ஓடுது. மறந்துட்டாரு போல, ரசிச்சுக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன். அதையும் போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் அவர் பக்கம் பாக்கறதையே விட்டுட்டேன். பாத்தா சொல்லணுமே. என்ஜினை மட்டும் பாத்துப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

"அந்த மொத தடவை... அது எத்தனையாவது சுத்து மாமா?"

"அதான் எனக்கும் தெரியல."

"யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்காம இருப்பேனா? ஆறு நாளா அதேதான். பத்துக்கு மேல இருக்கும். இருபது ஆகியிருக்காது. நீ வந்தது முன்னாடியா பின்னாடியான்னு... சில நேரம் முன்னாடின்னு தோணுது. சில நேரம் நீ கூப்பிட்டப்பகூட விரல் எழுந்த மாதிரி தோணுது. எல்லாத்துக்கும் டிக் போட்டு வச்சிருக்கேனே பாப்பா. எதைப் பாத்துக் கண்டுபிடிக்கறது?"

ஒரு அம்மாள் வந்து தொண்டை வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்றாள். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருடமாக விற்கிற மருந்தின் லேபிளை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அந்த அம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் நோட்டைப் பார்த்தாள்.

திரும்பி வந்து அவர், "நான் ஒரு வார்த்தை 'செல்லாது'ன்னு கத்தியிருந்தா எல்லாரும் ஓடியிருப்போம். நீயும் வந்திருப்ப" என்றார்.

வார்டில் அவள் வாரத்துக்கு ஐந்து குடும்பங்களிடம் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, எந்த இடத்தில் நிறுத்துவது எல்லாம் அவளுக்குப் பழக்கம்.

"மாமா, அது ஒரே நொடியில போற அட்டாக். பக்கத்துல பத்து டாக்டர் நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அவருக்கு வலிகூடத் தெரிஞ்சிருக்காது."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "கமிட்டில சொல்லிடறேன் பாப்பா. ரெக்கார்டை எடுத்துடச் சொல்லிடறேன். பொய்க் கணக்கு அது."

"வேணாம் மாமா."

"தப்பில்லையா?"

"பன்னெண்டு ஜெட் கடைஞ்சாரு. இருக்கட்டும்."

அவள் நோட்டை மூடிக் கவருக்குள் போட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. அவள் நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். அம்மா சமையலறையில் நின்று கத்தரிக்கோலால் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

"பாத்தியா?"

"பாத்தேன்மா."

"நீ போனது எத்தனையாவது?"

"பதினாறு. எழுதியிருக்கு."

அம்மா காத்திருந்தாள். மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எண் அந்த நேரத்துக்கு நாக்கில் வரவில்லை. ஐந்து என்பதா, எட்டு என்பதா? ரொம்பக் குறைவாகச் சொன்னால் நம்பமாட்டாளோ?

"பத்து" என்றாள். "பத்தோட விரல் நின்னுருக்கு."

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். விரல் மடக்கி எண்ணினாள். பதினொன்று, பன்னிரண்டு என்று உதடு அசைந்தது. சரியாக வருகிறதா என்று மறுபடியும் எண்ணினாள்.

"அப்ப நீ போறதுக்கு ஆறு நிமிஷம் முன்னாடியே போயிட்டாரு."

"ஆமாம்மா."

"ஆறு நிமிஷம் ஆனப்புறம் யாரு என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அம்மா வந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக, பால் வாசனையோடு இருந்தது. "உன்னப் போய்க் கேட்டுட்டேனே" என்றாள். "நாலு நாளா உன்ன... வாயில வந்துருச்சுடி. எனக்குப் புத்தியே இல்ல அன்னிக்கு." பிறகு மகளின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். மகள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது ஓய்ந்ததும் அம்மா முந்தானையால் இரண்டு பேர் முகத்தையும் துடைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, காபி போடட்டுமா என்று கேட்டாள். போடும்மா என்றாள் மகள்.

போன வருடம் அவளுடைய வார்டில், நெஞ்சு நின்று ஏழு நிமிஷம் கழித்து அவள் கைவைத்து மீட்ட ஒருவர், மாதாமாதம் பரிசோதனைக்குப் பேருந்தில் வந்துபோகிறார்.